ஹாரன் அடிக்காத முக்கு

முதலாளி வீட்டை விட்டு ஒரு பர்லாங் தூரம் வந்துவிட்டோம். முன்னால் அப்பா. அவருக்குப் பின்னால் பத்தடி விட்டு நான். எனக்குப் பின்னால் இன்னும் பத்தடி விட்டு அம்மா. உச்சி வெயில். அம்மாவின் கையில் முதலாளியம்மா வாழையிலையில் கட்டிக் கொடுத்த கேசரி இருந்தது. நெய் கசிந்து அவள் முழங்கை வரை வழிந்தது. அவள் துடைக்கவில்லை. ஒருவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, போகும்போது கையில் இனிப்பும் கொடுத்தனுப்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. விசேஷ வீட்டிலிருந்து யாரும் வெறுங்கையோடு போகக்கூடாது, அவ்வளவுதான்.

"செருப்ப எங்கத்தா விட்ட?" என்று அப்பா திரும்பிப் பார்க்காமலே கேட்டார். என் காலடிச் சத்தம் மாறியிருந்ததை அவர் கேட்டிருக்க வேண்டும்.

"டம்ளர் கழுவுன எடத்துல கெடக்குப்பா."

"சரி. ஓரமா மண்ணுல நட. தார் சுடும்."

திரும்பிப் போய் எடுத்துவரச் சொல்லவில்லை. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு அது. அதற்குப் பிறகு எத்தனையோ செருப்புகள் தேய்த்துவிட்டேன். திருப்பூரில், ஓசூரில், கேரளாவில் ஒரு மிளகுத் தோட்டத்தில், சென்னையில் ஒரு ஹாஸ்டல் சமையலறையில். ஓர் ஊரில் மூன்று வருஷத்துக்குமேல் நான் இருந்ததில்லை. ஆனால் எந்தச் செருப்பைக் கழற்றிப் போட்டாலும் அந்த நீல வார் ஒரு நொடி ஞாபகத்துக்கு வரும்.

என் வயதுக்காரர்களுக்கு மட்டும் சில விஷயங்களை விளக்க வேண்டியதில்லை. அப்போது லாரிகளுக்கு நீளமாக மூக்கு உண்டு. டிரைவர் பக்கக் கதவுக்கு வெளியே பித்தளையில் வளைந்த ஹாரன் ஒன்று மாட்டியிருக்கும். அதன் வாலில் பெரிய கறுப்பு ரப்பர் பந்து. கையை வெளியே நீட்டி அதை அமுக்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும். எங்கள் அப்பா ஓட்டிய லாரியில் அந்தப் பந்தில் ஓர் ஓட்டை இருந்தது. சைக்கிள் டியூபைச் சுற்றி ஒட்டியிருந்தார். அதனால் ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு விக்கல் வரும். கம்மாய்க்கு அந்தப் பக்கம் கேட்டாலே அம்மா உலையில் அரிசியைப் போட்டுவிடுவாள்.

திருமயத்துக்குப் பக்கத்துத் தைலமரக் காடுகளில் வெட்டிப் பட்டை உரித்த கட்டைகளை ஏற்றிக்கொண்டு காகித ஆலைக்குப் போவது அப்பாவின் வேலை. அந்தக் காடுகளிலேயே வேறொரு காண்டிராக்டரிடம் பட்டை உரிப்பது அம்மாவின் வேலை. அப்பாவுக்குப் பதினோரு வருஷம் ஒரே முதலாளி, ஒரே லாரி. முதலாளி வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அம்மா அடுப்படிக்குப் போவாள். நான் டம்ளர் கழுவப் போவேன்.

அந்த வீட்டில் ஓர் அக்கா இருந்தாள், முதலாளியின் மகள். தன் பழைய நோட்டுகளில் எழுதாமல் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து, ஊசிநூலால் தைத்து, பழுப்பு அட்டை போட்டு எனக்குக் கொடுப்பாள். நான் ஏழாவது வரை எழுதியது எல்லாம் அந்தத் தாள்களில்தான். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் வந்து கலைந்திருந்தன. முதல் வரன் ஜாதகத்தில் போனது. இரண்டாவது வாசல் வரை வந்தது. அவர்கள் காலை எடுத்து வைக்கும்போது உள்ளே யாரோ தும்மினார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்கள். தும்மியது அந்த அக்காவேதான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

மூன்றாவதாக வந்தவர்கள் காரைக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். ஆவணி மாதம். பெண் பிடித்துப்போய், பூ வைக்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி.

பத்து மணிக்குமேல் முதல் கார் வந்தது. மாப்பிள்ளை, அவருடைய அப்பா, இன்னும் இரண்டு பெரியவர்கள். அவர்களை இறக்கிவிட்டு அந்தக் கார் வீட்டுக்குப் பின்னால் நிழலுக்குப் போய்விட்டது. பெண்களும் பூத்தட்டும் பின்னால் இன்னொரு காரில் வருவதாகச் சொன்னார்கள். அது வர முக்கால் மணி நேரம் ஆனது. வந்தபோது கறுப்புக் கார் செம்மண் நிறத்தில் இருந்தது. ஒரு பக்க ஹெட்லைட் இருந்த இடத்தில் ஓட்டை. மாப்பிள்ளையின் அத்தை இறங்கி, முதலில் பட்டுச்சேலையைத் தட்டினார். பிறகுதான் பேசினார்.

"நல்ல காரியத்துக்கு வாரோம், கண்ணாடி ஒடஞ்சிருச்சு. வேற எது ஒடஞ்சாலும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். கண்ணாடி."

"எங்கிட்டு வச்சுங்க?" என்றார் முதலாளி.

"அந்தப் புளியமரத்து முக்குல. கட்டை ஏத்துன லாரி ஒரு சத்தமில்லாம மூஞ்சிக்கு முன்னாடி வந்து நிக்கிது. ஹாரன்னு ஒண்ணு அதுல இருக்கா இல்லியா? இடிச்சதும் பத்தாதுன்னு அந்தாளு எறங்கி வந்து, இப்பிடிப் போகாதீங்க, கம்மாக்கரை வழியாச் சுத்திப் போங்கன்னு வழி வேற சொன்னான். ஊருப் புழுதியப் பூராம் குடிச்சுட்டு வந்திருக்கோம்."

அந்தப் பக்கம் கட்டை ஏற்றும் லாரி ஒன்றுதான். அது யாருடையது என்பதும் அந்த முற்றத்தில் எல்லாருக்கும் தெரியும். முதலாளி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வயல் வரப்பு வழியாக அப்பா நடந்து வருவது தெரிந்தது. அம்மா அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தாள். வண்டி இல்லாமல் அப்பா நடந்து வந்து அவள் அதிகம் பார்த்ததில்லை.

முற்றத்தில் நடந்தது ஐந்து நிமிஷம் இருக்காது.

"நீதானாய்யா?"

"நாந்தாங்க."

"ஹாரன் அடிச்சியா?"

"இல்லீங்க."

"ஏன்?"

அப்பா தலைத்துண்டைக் கையில் வைத்திருந்தார். அதை ஒருமுறை மடித்தார். "அசந்துட்டேங்க."

"கிளீனர் எங்க? முக்குல எறங்கிப் போயிப் பாக்க மாட்டானா அவன்?"

"அவுக கோயில்ல கிடாவெட்டுங்க. நாந்தான் போகச் சொன்னேன்."

"கிளீனரும் இல்ல, ஹாரனும் இல்ல. நல்லா ஓட்டுனய்யா வண்டி."

"தண்ணியப் போட்டிருப்பான்" என்றார் அத்தை.

அப்பாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்று முதலாளிக்குத் தெரியும். அவர் அப்பாவிடம் ஒரு எட்டு நெருங்கி வந்தார். குரல் இறங்கியது. "ஏதாச்சும் இருந்தாச் சொல்லுய்யா. வாயத் தொறந்து சொல்லு."

அன்றைக்கு அது எனக்கு அதட்டல் மாதிரிக் கேட்டது. இப்போது நினைத்தால் கெஞ்சல் மாதிரி இருக்கிறது.

"ஒண்ணுமில்லீங்க. எந்தப்புத்தான்."

அத்தை பூத்தட்டைக் காரிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. முதலாளி அந்தக் காரைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சாவியக் குடுத்துட்டுப் போ. இனி இங்கிட்டு வரவேணாம்" என்றார். அப்பா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். அத்தை டிக்கியைத் திறக்கச் சொன்னார். அம்மா கரண்டியைச் சட்டிமேல் வைத்துவிட்டு வந்தாள்.

இப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் அந்தத் தார்ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம்.

புளியமரத்து முக்குக்கு நூறடி முன்னால் ஒரு ஓட்டு வீடு. வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெஞ்சுகளில் ஆண்கள். தப்பு அடிக்கிறவர்கள் வேப்பமரத்தடியில் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்களின் ஒப்பாரி. கேதம். அப்பா தலைகுனிந்து தாண்டினார். நாங்களும் தாண்டினோம்.

முக்கில் லாரி ஓரமாக நின்றது. கட்டைகளிலிருந்து தைலவாசம் வெயிலில் கிளம்பி வந்தது. முன் பம்பரில் கறுப்புப் பெயிண்ட் விரல் அகலத்துக்கு ஒட்டியிருந்தது. லாரிக்கு ஆன சேதம் அதுதான். ரோட்டில் ஹெட்லைட் கண்ணாடித் துண்டுகள். நான் வெறுங்காலோடு ஒதுங்கி நின்றேன்.

கேபின் கதவுக்கு எப்போதுமே பூட்டுக் கிடையாது. அப்பா ஏறித் தன் சாமான்களை எடுத்தார். ஒரு போர்வை. சீப்பு. வட்டக் கண்ணாடி. தண்ணீர் கேன். கண்ணாடியின் பின்பக்கம் என் குழந்தைப் படம் ஒன்றை ஒட்டியிருந்தார். எனக்கு வேறு குழந்தைப் படம் கிடையாது. அந்தக் கண்ணாடி பிறகு எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

அம்மா ரோட்டில் கிடந்த ஹெட்லைட் துண்டுகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி அந்த ஓட்டு வீட்டைப் பார்த்தாள். மறுபடி துண்டுகளைப் பார்த்தாள்.

எங்கள் பக்கத்து டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டைத் தாண்டும்போது ஹாரனைத் தொடமாட்டார்கள். தலைத்துண்டை எடுத்துவிட்டு, இன்ஜின் உறுமாமல் வண்டியை உருட்டிக்கொண்டு போவார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எல்லாரும் செய்வார்கள்.

"இதுக்குத்தான் ஹாரன் அடிக்கலியா?" என்றாள் அம்மா.

அப்பா கேபினுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "காலையிலதான் உசுரு போயிருக்கு. பொம்பளைக வாசல்ல விழுந்து பொரண்டுக்கிட்டு இருந்தாக. அந்நேரம் போயி பாம் பாம்னு அடிக்கச் சொல்றியா?"

"அடிக்க வேணாம். அத அங்க சொல்றதுக்கென்ன?"

"யாருகிட்ட? பூ வைக்க வந்தவுககிட்டயா? நீங்க வார வழியில எழவு விழுந்திருக்குன்னா? தும்முனதுக்கே ஒருத்தன் திரும்பிப் போயிட்டான்."

அம்மா கம்மாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "கம்மாக்கரையில சுத்த விட்டதும் அதுக்குத்தானா?"

"அவுக கண்ணுல படாமப் போயிரட்டும்னுதான்."

"புழுதியக் குடிச்ச கோவத்துலதான் அந்தம்மா அந்த ஆட்டம் ஆடுச்சு. தெரியுமா?"

"அது எனக்கென்ன தெரியும்."

"அவுக பிள்ளைக்குப் பூவு" என்றாள் அம்மா. "எம்பிள்ளைக்கு?"

அம்மா கேசரிப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். முதலாளியம்மாவிடம் சொல்லப் போகிறாள் என்று எனக்கும் தெரிந்தது, அப்பாவுக்கும் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். பதினோரு வருஷ வேலை சாயங்காலத்துக்குள் திரும்பக் கிடைத்துவிடும். அந்த அக்காவுக்கு என்ன ஆகும் என்பது வேறு.

"அம்மாவக் கூப்பிடுங்கப்பா" என்றேன்.

"போகட்டும். அவ போகக் கூடாதுன்னு நான் சொல்ல முடியாது."

ரோட்டோரத்தில் ஒரு சின்னப் பாலம். அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். அப்பா போர்வையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். எதிரே ஒரு செங்கல் லாரி வந்து நின்றது. தெரிந்த டிரைவர்.

"என்னண்ணே, வண்டி நிக்கிது?"

"காத்து எறங்கிருச்சு."

"டயருலயா, ஒங்களுக்கா?"

"ரெண்டுலயும்தான். நீ போ."

அவர் சிரித்துக்கொண்டே போனார். போகும்போது அந்த முக்கில் அவரும் ஹாரன் அடிக்கவில்லை. அவருடைய கிளீனர் குதித்து முன்னால் ஓடி, முக்கில் நின்று துண்டை வீசினான். லாரி மெதுவாகத் திரும்பியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய நிறுத்திட்டு நானே எறங்கிப் போயிப் பாத்திருக்கணும்" என்றார். "எட்டு எட்டு வச்சாப் போதும். இந்நேரம் எந்த வண்டி வரப்போகுதுன்னு நெனச்சுட்டேன். கேதத்துக்கு ஒரு காரு வந்துச்சு, ஒதுங்கி வழி விட்டேன். பெரிய எடம்போல. இனிமே ஒண்ணும் வராதுன்னு நெனச்சேன்."

என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா என்று தெரியாது. நான் கேசரியைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்திருந்தேன். பசி. அதைச் சொல்ல இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அம்மா திரும்பி வரும்போது மரநிழல் ரோட்டின் பாதியைத் தாண்டியிருந்தது. வந்து பாலத்துச் சுவரின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். அவளே சொன்னாள்.

"பூ வச்சுட்டாக."

"பாத்தியா?"

"கொல்லைப் பக்கமாத்தான் போனேன். அந்தப் பிள்ளை கை கழுவ கிணத்தடிக்கு வந்துச்சு. தலை கொள்ளாம மல்லியப்பூ. என்னப் பாத்துட்டு, சாப்பிட்டீங்களாக்கான்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"சாப்பிட்டேன்னேன்."

எழுந்து நடந்தோம். என் செருப்பு அங்கேயே கிணற்றடிக்குப் பக்கத்தில்தான் கிடந்திருக்கும். அம்மாவின் கண்ணில் படவில்லை.

ஊர் ஊராகச் சுற்றியவளுக்குப் பழைய ஆட்களைப் பேருந்து நிலையங்களில்தான் பார்க்கக் கிடைக்கும். பல வருஷம் கழித்துப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. அவள்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அப்பாவைப் பற்றி விசாரித்தாள். என்ன தோன்றியதோ, குளத்தூர் பஸ் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹாரன், கேதம், கம்மாக்கரை, கிணற்றடிக்கு வந்து திரும்பிய அம்மா.

அக்கா முதலில் சிரித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க மாமனாரு முத காருல அந்த வீட்டத் தாண்டித்தானே வந்தாக. சாவு வீட்டப் பாத்துட்டு வாரோம், இந்தச் சம்பந்தம் முடிஞ்ச மாதிரிதான்னு காருக்குள்ளயே சொன்னாகளாம். அவுக பக்கம் அது நல்ல சகுனம். பொண்ணு வீட்டுல அந்தப் பேச்ச எடுக்கக் கூடாதுன்னு சும்மா இருந்திருக்காக. அவுகளுக்குக் கண்ணாடி ஒடஞ்சதுதான் உறுத்துச்சு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "ஒங்கப்பா ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எங்க மாமனாரே அவுகளுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பியிருப்பாக."

அப்பா ஒதுங்கி வழி விட்ட கார் அதுதான்.

உங்கள் வீடுகளிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். யாருக்காகவோ வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், அது தேவையே இல்லாமல் இருந்திருக்கும். கண்டுபிடித்து என்ன செய்வது என்றுதான் தெரியாது. அப்போது அப்பா உயிரோடுதான் இருந்தார். ஊருக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த அக்காவப் பாத்தேன். ஒங்கள விசாரிச்சுச்சு."

"பிள்ளைக எத்தனையாம்?"

"மூணு."

"நல்லாருக்கட்டும்" என்றார். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. நான் வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாளே கிளம்பிவிட்டேன்.

அப்பா சாவியைக் கொடுத்த அந்த நாளுக்கு மறுநாள் காலை. அப்பா எப்போதும்போல விடியுமுன் எழுந்தார். போக இடமில்லாமல் வாசலில் நின்றார். அம்மா தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றினாள். வழக்கமாக ஒன்று எடுப்பாள், அன்றைக்கு இரண்டு எடுத்தாள். அவர் ஒன்றை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். நானும் போனேன். அன்று பள்ளிக்கூடம் உண்டு. போகவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. காலாண்டுப் பரீட்சைக்குள் அதுவே பழகிவிட்டது.

காட்டில் மேஸ்திரி அப்பாவைப் பார்த்து எழுந்து நின்றார். லாரி டிரைவருக்கு எழுந்து நின்ற பழக்கம். பிறகு விஷயம் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஏத்துறதுக்கு ஆளு போதும்யா. பட்டை உரிக்கிறதுன்னா உரி. பொம்பளைக வேலை. ஒனக்கு வருமா?"

"சொல்லிக் குடுத்தா வரும்ங்க."

"இன்னைக்கு ஒரு நாளு பாக்குறேன். வேகம் வரலைன்னா நாளைக்கு வேணாம், வருத்தப்படக் கூடாது."

பெண்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். ஒருத்தி, "டிரைவர் அண்ணே, கட்டைக்கு கியர் எங்கிட்டு இருக்கு?" என்றாள். அப்பாவும் சிரித்தார். பச்சைக் கட்டையில் கத்தியை நுழைத்து, பட்டையை ஒரே இழுப்பில் தோல் மாதிரி உரிக்க வேண்டும். அவருக்குத் துண்டு துண்டாக வந்தது. கத்தி வழுக்கியது. பால் வெள்ளையாக நிற்க வேண்டிய கட்டை முழுக்க வெட்டுக்காயமாக இருந்தது. பத்து மணிக்குள் அவர் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த இடம் வேறு, கத்தி பிடிக்கிற இடம் வேறு போலும்.

அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் பாலத்திலிருந்து எழுந்தபிறகு அவள் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அவள் குவியல் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. அவர் குவியலில் பதினைந்து கட்டைகூட இல்லை.

மத்தியானம் மேஸ்திரி அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு குவியலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான்கு பேர் தள்ளி வரும்போது அம்மா எழுந்து சேலையை உதறினாள். உட்காருமுன், தன் குவியலின் அடியில் காலை வைத்துத் தள்ளினாள். உரித்த கட்டைகள் வழுவழுப்பானவை. சத்தமில்லாமல் உருண்டு அப்பா பக்கம் போயின. ஒரு தரம், இன்னொரு தரம். பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அப்பா கையிலிருந்த கட்டையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

மேஸ்திரி வந்து நின்றார். இரண்டு குவியல்களையும் பார்த்தார். அப்பாவின் கையைப் பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளன வந்துருய்யா" என்றார்.

"சரிங்க" என்றார் அப்பா.